பெல்ட்டோட கடைசி முழம்

"ஒரு பெட்ஷீட்டப் போட்டு மூடித் தொலைடி. ஒரு மணி நேரந்தான?"

லானி போன்ல கத்துறான். நான் ஸ்பீக்கர்ல போட்டுட்டு மெஷின் கன்னோட குழாய எண்ணெத் துணியால தொடச்சிட்டிருக்கேன்.

"மூட மாட்டேன்டா."

"கவுண்டி ஆபீஸ்லேர்ந்து வர்ற அம்மா கதவத் தொறந்ததும் மொதல்ல எதப் பாக்கும்? மேசியோட கட்டிலயா, ஒன்னோட மெஷின் கன்னயா?"

"கன்னத்தான். அது வாசலுக்கு நேராத்தான இருக்கு."

"அப்ப நகத்தி வெய்யி!"

"நாப்பத்தஞ்சு பவுண்டு எடை. நீ வந்து நகத்து."

"நான் வேலையில இருக்கேன்."

"அப்ப வாய மூடிட்டு வேலையப் பாரு"ன்னு வெச்சுட்டேன்.

லானி நல்லவன்தான். டவுன்ஷிப் கராஜுல மெக்கானிக். நான் அங்க பனி தள்ற லாரி ஓட்டுறேன். நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ஜான்ஸ்டவுன் மேட்டு ரோடெல்லாம் என் பொறுப்பு. ஆனா அவனுக்கு இந்த கன் மேல மொதல் நாள்லேர்ந்தே கடுப்பு. நவம்பர்ல கண்காட்சி மைதானத்துல கன் ஷோ நடந்தப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். அவன் ஒவ்வொரு மேசையா நின்னு நிஜ ரைஃபிளாத் தூக்கி தோள்ல வெச்சுப் பாத்துட்டிருந்தான். நான் நேரா கடைசி வரிசைக்குப் போயிட்டேன். அங்க ஒரு பெரியவர் மேசை நெறைய சுடாத மெஷின் கன்னா அடுக்கி வெச்சிருந்தார். எல்லாமே எண்பது வருசத்துக்கு முந்தின மாடல். நடுவுல மூணு கால் ஸ்டாண்டுல குந்திக்கிட்டு இருந்துச்சு ஒரு பிரவுனிங். கிட்டப் போய் குனிஞ்சு பாத்தேன். குழாயச் சுத்தி வட்ட வட்டமா ஓட்டை போட்ட அந்தக் கவசம், பக்கத்துத் தகட்டுல வரிசையா ஆணித் தலைங்க, பின்னாடி அந்தக் கைப்பிடி. ஒண்ணு கூட அழகுக்காக வெச்சது இல்ல, எல்லாத்துக்கும் ஒரு வேல இருக்கு. ஆனா மொத்தமாப் பாத்தா அவ்ளோ அழகா இருக்கு. அது எப்படின்னு எனக்கு இன்னும் புரியல.

"எது அசலு, எது நகலு?"ன்னு கேட்டேன்.

அவர் வெரல வெச்சுக் காட்டினார். குழாய், கவசம், கைப்பிடி, ஸ்டாண்டு எல்லாம் பழைய அசல் சாமான். ராணுவம் வெட்டிப் போட்டதுலேர்ந்து எடுத்தது. நடுவுல இருக்கற பெட்டி, அதான் உசுரு இருக்கற எடம், அது மட்டும் புதுசு. ஒரே கட்டி அலுமினியம். உள்ள ஒண்ணுமே ஓடாது. குழாயையும் உள்ள இரும்பால அடச்சு வெல்டு வெச்சாச்சு. "உலகத்துல எவனாலயும் இத சுட வைக்க முடியாதும்மா"ன்னார்.

பின்னாலேயே லானி வந்து நின்னான். "ஆயிரத்து நானூறு டாலரா? சுடாத சனியனுக்கா? ஏய், இதுக்கு நீ ஒரு ரப்பர் மீன் வாங்கி செவுத்துல மாட்டலாம்."

"சுடாதுங்கறதுதான்டா எனக்குப் புடிச்சிருக்கு."

"இது மேல நீ வெச்சிருக்கற காதலுக்கு அது ஒரு தடவயாவது டுமீல்னு சொல்ல வேணாமா?"

"ஒன்னோட பழைய கேர்ள்பிரண்டுங்க மாதிரியா?"

பெரியவர் சிரிச்சு சிரிச்சு இருமவே ஆரம்பிச்சுட்டார். மூணு வருசத்து பனிக்கால ஓவர்டைம் அது. கட்டிட்டு, லானியயே ஒரு பக்கம் தூக்க வெச்சு லாரியில ஏத்துனேன். அன்னிக்கே வீட்டு முன் ரூம்ல, ஜன்னலுக்குக் கீழ, வாசலப் பாத்தாப்ல வெச்சேன். பக்கத்துல ஒரு பச்சைத் தகரப் பெட்டி. அதுக்குள்ளேர்ந்து கேன்வாஸ் பெல்ட்டு ஏறி கன்னுக்குள்ள போற மாதிரி. பெல்ட்டுல தோட்டா வரிசை. அதுவும் டம்மிதான். மருந்தக் கொட்டிட்டு ஒவ்வொரு பித்தளைக் கூட்டுலயும் சைடுல ஒரு ஓட்டை போட்டிருப்பாங்க. ஓட்டை இருந்தா செத்த தோட்டான்னு அர்த்தம். எங்கள மாதிரி ஆளுங்க அந்த ஓட்டை கண்ணுல படாம எல்லாத்தையும் செவுத்துப் பக்கமாத் திருப்பி வெப்போம். முன்னாலேர்ந்து பாத்தா பளபளன்னு முழுசா இருக்கணும்ல. அது ஒரு அல்ப ஆசை.

சரி, மூட மாட்டேன்னு ஏன் நின்னேன்னு சொல்றேன். கன்னுக்காக இல்ல. அதாவது, கன்னுக்காக மட்டும் இல்ல.

மேசி என் அக்கா கிர்ஸ்டனோட பொண்ணு. ஏழு வயசு. ஜனவரிக் கடைசியில அக்காவ மாத்திரைப் பழக்கத்துக்காக ஆறு மாசம் மறுவாழ்வு மையத்துல சேத்தாங்க. மேசி ஒரு குப்பைப் பையில துணியும், ஒரு காது இல்லாத முயலுமா என் வீட்டுக்கு வந்தா. அது தற்காலிக ஏற்பாடுதான். கவுண்டியோட புள்ளைங்க பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து இன்னிக்கு வர்ற மிஸஸ் பாயில் வீட்டப் பாத்துட்டு எழுதப்போற ஒரு தாளுதான் முடிவு. சரின்னு எழுதினா அவ என்கிட்டயே இருப்பா. இல்லன்னா ரெண்டு மணி நேரம் தள்ளி யாரோ ஒரு குடும்பம், முன்னப்பின்ன தெரியாதவங்க, அங்க போகணும்.

அக்கா வீட்லயும் கவுண்டிக்காரங்க வந்திருக்காங்க. மூணு தடவ. ஒவ்வொரு தடவயும் கதவு தட்டுன சத்தம் கேட்டதும் அந்த வீடே ஓடும். பாட்டில் போய் துணி காயவெக்கற மெஷினுக்குள்ள ஒளியும். அக்காவோட அப்போதைய ஆளு வெச்சிருந்த பிஸ்டல், நிஜப் பிஸ்டல், குண்டு போட்டது, அது கார்ன் ஃப்ளேக்ஸ் டப்பாக்குள்ள போகும். வந்தவங்க சுத்திப் பாத்துட்டு "துப்பாக்கி: இல்லை"ன்னு எழுதிட்டுப் போவாங்க. இதெல்லாம் பின்னால அக்காவே அழுதுக்கிட்டு சொன்னது.

ஆனா மேசிக்கும் அதுல ஒரு வேல இருந்துச்சுங்கறத அக்கா சொல்லல. அத நானாத்தான் கண்டுபுடிச்சேன். மேசி வந்து பத்து நாள் இருக்கும், வீட்டு ஓனர் கதவத் தட்டுனார். அவரு பாவம் ஹீட்டர் பாக்க வந்தவரு. நான் அடுப்புல நூடுல்ஸும் முட்டக்கோசும் வதக்கிட்டிருந்தேன், அடுப்ப அணைச்சுட்டு வர்றதுக்குள்ள இவ கதவத் தொறந்து, அவரு கையப் புடிச்சுக்கிட்டு, இனிக்க இனிக்க கேக்குறா: "என் ரூமப் பாக்க வரீங்களா? என் முயலக் காட்டுறேன்." அவரையும் இழுத்துக்கிட்டு மாடிப்படி ஏறுறா. ஏறும்போது திரும்பி என்னப் பாத்து ஒரு சின்னத் தலையாட்டு. 'சீக்கிரம், நீ போய் ஒளிச்சு வை'ன்னு. ஏழு வயசுப் புள்ள. கரண்டிய கையில வெச்சுக்கிட்டு நான் அப்படியே நின்னுட்டேன்.

அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த வீட்ல கதவு தட்டுனதும் எதுவும் எடம் மாறாது. கழுவாத தட்டு இருந்தா தட்டு இருக்கும். என் அழுக்கு பூட்ஸ் இருந்தா அது இருக்கும். மெஷின் கன்னு இருந்தா மெஷின் கன்னு இருக்கும். யாரு வேணா வந்து பாத்துக்கட்டும். பெட்ஷீட்டப் போட்டு மூடினா மேசி அதப் பாப்பா. பாத்ததும் அவளுக்கு அவ வேல ஞாபகம் வந்துடும்.

மிஸஸ் பாயில் மூணு மணிக்கு வந்தாங்க. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், உப்புக் கறை படிஞ்ச பூட்ஸு, கையில கிளிப் போர்டு, வாயில இருமல் மிட்டாய். கோட்டக் கழட்டச் சொன்னேன். "பரவால்லம்மா, இன்னும் ரெண்டு வீடு இருக்கு"ன்னு கழுத்து வரைக்கும் பட்டன் போட்டபடியே உள்ள வந்தாங்க. வந்தவங்க நின்னுட்டாங்க. நேரா குழாய் அவங்க தொப்பைய பாத்துட்டிருக்கு. குழாய் மேல மேசியோட ஈரக் கையுறை ரெண்டும் காஞ்சிட்டிருக்கு, ரோஸ் கலர்ல.

"என்னம்மா இது?"

"பிரவுனிங் மெஷின் கன். சுடாது."

மிட்டாய் ஒரு கன்னத்துலேர்ந்து இன்னொரு கன்னத்துக்குப் போச்சு. "முப்பது வருசமா வீடு பாக்குறேன். எல்லாரும் துப்பாக்கிய அலமாரிக்குப் பின்னால வெப்பாங்க. நீ வாசல்ல காவலுக்கு வெச்சிருக்க."

"அது துப்பாக்கி இல்லைங்க. துப்பாக்கி மாதிரி."

"ஏன்? நாய் வளக்கக் கூடாதா?"

"நாய் கடிக்கும்ல."

அவங்க சிரிக்கல. ஆனா ஒரு புருவம் லேசா ஏறுச்சு. மேசி மாடிப்படியோட ரெண்டாவது படியில முயல மடியில வெச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டிருந்தா.

மாடியெல்லாம் பாத்தாங்க. கட்டில், புகை அலாரம், மருந்து வெக்கற அலமாரி, வெந்நீர் சூடு. ஃபிரிட்ஜத் தொறந்து பாத்தாங்க. ஒரு தட்டு நெறைய கோப் இருந்துச்சு, நடுவுல கிரீம் வெச்ச சாக்லேட் கேக். "ஒண்ணு எடுத்துக்கங்க"ன்னேன். வேணாம்னுட்டாங்க. திரும்ப முன் ரூமுக்கு வந்தோம். கிளிப் போர்டுல வெரல வெச்சுப் படிச்சாங்க.

"வீட்ல துப்பாக்கி இருக்கா? ஆமா, இல்ல, ரெண்டுதான் போட்டிருக்கு. 'மாதிரி'ன்னு ஒரு கட்டம் இல்ல."

"அப்ப இல்லன்னு போடுங்க. நான் காட்டுறேன் வாங்க"ன்னு எனக்கு உற்சாகம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. யாராச்சும் இதப் பத்திக் கேட்டாப் போதும், எனக்கு நிறுத்தத் தெரியாது. மேல் மூடியத் தொறந்து காட்டினேன். "பாருங்க, உள்ள முழுக் கட்டி. தட்டிப் பாருங்க." தட்டினாங்க. குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுக் காட்டினேன். பில்லக் காட்டினேன். பெல்ட்டோட இந்த முனையில நாலு தோட்டாவத் திருப்பி ஓட்டையக் காட்டினேன். "உள்ள காத்துதாங்க."

"சரிம்மா. புரிஞ்சுச்சு"ன்னு பேனாவ எடுத்தாங்க. 'இல்லை'ங்கற கட்டத்துக்குப் பக்கத்துல பேனா போயிருச்சு. அதோட முடிஞ்சிருக்க வேண்டியது. நான் விட்டேனா?

"இருங்க, மொத்த பெல்ட்டையும் பாத்துருங்க. பின்னால யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுல்ல"ன்னு தகரப் பெட்டிக்கு முன்னால மண்டி போட்டு, அடியில கையவிட்டு பெல்ட்டோட கடைசி முழத்த மேல இழுத்தேன்.

கட்டைவிரல் வழுக்கிட்டுப் போச்சு. ஓட்டை இல்ல. அடுத்தது. அதுலயும் இல்ல. இந்தப் பக்கமா இருக்கும்னு உருட்டினேன். சுத்திச் சுத்தி வழவழன்னு இருக்கு. அடிப்பக்கம் திருப்பிப் பாத்தேன், நடுவுல, சுடும்போது ஊசி தட்டற அந்த வட்டப் பொட்டு தட்டாம, குழி விழாம, புத்தம் புதுசா மின்னுது. கனமா இருந்துச்சு. செத்த தோட்டா இவ்ளோ கனக்காது.

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழம. பெல்ட்டுல தோட்டா சொருகற பை பதினொண்ணு காலியா இருக்குன்னு நான் பொலம்பினேன். லானி அடுத்த வாரம் பாக்கெட்ல கையவிட்டுக்கிட்டு வந்தான், "கெடச்சிருச்சு"ன்னான். நான் அடுப்படியில நின்னேன். அவனே சொருகி, அவனே மடிச்சு மடிச்சு பெட்டிக்குள்ள அடுக்கி வெச்சான். அவ்ளோ ஒழுங்கா அடுக்கியிருந்தான், கலைக்க மனசு வரல. ஓட்டைய உள்பக்கமாத் திருப்பி வெச்சிருப்பான்னு நெனச்சேன். நாங்க எப்பவும் அப்படித்தான வெப்போம்.

ஆறு வாரம். மேசி ஆறு வாரமா இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து கலர் அடிச்சிட்டிருக்கா. இது மேல கால வெச்சு ஏறி ஜன்னல்ல பனி பாத்திருக்கா. என் காதுல நான் காலையில லானிகிட்ட பேசுன பேச்சே ஓடுது, அந்தத் திமிரு.

மிஸஸ் பாயில் தலையக் குனிஞ்சு எழுதிட்டிருந்தாங்க. அவங்க பாக்கல. பெல்ட்ட அப்படியே உள்ள விட்டாப் போதும். அவங்க கார் முக்கு திரும்பினதும் எடுத்துக்கலாம். எனக்கும் எங்கக்காவுக்கும் முகம் ஒண்ணுதான்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்ப என் முகத்துல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அத ஒருத்தி பாத்துட்டா.

படியிலேர்ந்து மேசி எறங்கி வந்தா. நேரா மிஸஸ் பாயில் கிட்டப் போயி அவங்க கோட்டு நுனியப் புடிச்சா. இனிக்க இனிக்க, அதே கொரல்:

"என் ரூமப் பாக்க வரீங்களா? என் முயலக் காட்டுறேன்."

"இப்பத்தான பாத்தேன் கண்ணு."

"முயலோட வீட்டக் காட்டல. அது கட்டிலுக்கு அடியில இருக்கு." கையப் புடிச்சு இழுக்கிறா. திரும்பி என்னப் பாத்து அந்தத் தலையாட்டு.

"மேசி"ன்னேன். "வேணாம். போய் படியில உக்காரு."

"சித்தி, ரெண்டே நிமிசம்…"

"உக்காருடா தங்கம். ஒண்ணும் ஒளிக்க வேணாம்." எந்திரிக்கல, மண்டி போட்டபடியே பெல்ட்டத் தூக்கிக் காட்டினேன். "மிஸஸ் பாயில், இதுல ஓட்டை இல்ல. இது நிஜத் தோட்டா."

பேனா நின்னுருச்சு.

"இப்பத்தான் காத்துன்ன?"

"அப்படித்தான் நெனச்சேன். நான் பாக்கல. பாத்திருக்கணும்."

"யாரு வெச்சது?"

"யாரு வெச்சா என்னங்க. வீடு என்னுது."

"நான் அதக் கேக்கல. எத்தன வெச்சிருக்குன்னு தெரியணும். வெச்சவங்களுக்குத்தான் தெரியும்."

லானிக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். எடுத்ததுமே, "என்னடி, மூடினியா இல்லியா?"ங்கறான்.

"பெல்ட்டுல நிஜத் தோட்டாவா வெச்ச?"

"ஏய்… அது சும்மாடி. மொத்தமும் பொய்யா இருக்கேன்னு எனக்கே பாவமா இருந்துச்சு. ஒரு ஓரத்துல கொஞ்சமாச்சும் நெசம் இருக்கட்டுமேன்னு. எப்படியும் அது சுடாதுல்ல?"

"எத்தனடா?"

"பதினொண்ணு. நடுவுலயும் கொஞ்சம் மாத்தினேனான்னு… நாலஞ்சு இருக்கலாம். பளபளப்பு கம்மியா இருந்துச்சேன்னு. சரியா ஞாபகம் இல்லடி. ஏன், அந்தக் கவுண்டிப் பொம்பள போயிருச்சா?"

"இல்ல தம்பி, இங்கதான் இருக்கேன்"னாங்க மிஸஸ் பாயில்.

டொக்குன்னு வெச்சுட்டான்.

அவங்க வாயில மிட்டாய் கடிபடற சத்தம். நான் அவங்கள நேராப் பாத்தேன். "நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்க. நான் கெஞ்ச மாட்டேன். ஆனா ஒண்ணு. இந்த வீட்ல நீங்க பாத்தது எல்லாமே எப்பவும் இருக்கறதுதான். நீங்க வர்றீங்கன்னு ஒரு செருப்பக் கூட நான் நகத்தல. அதையும் எழுதுவீங்கன்னா எழுதுங்க."

"நீ கத்தாத. புள்ள பயப்படுது."

"அவ பயப்படல. அவ பழகிட்டா. எனக்கு அதுதான் பயம்."

அவங்க மேசியத் திரும்பிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அவ படியில உக்காந்து முயலோட ஒத்தக் காத முறுக்கிட்டிருந்தா. அவளுக்கு ஒண்ணும் புரியல. அவ அவளோட வேலைய சரியாச் செஞ்சா, ஆனா ஒளிக்க வேண்டிய சித்தி கையில தூக்கிக் காட்டிட்டிருக்கா.

"மொத்தம் எத்தன இருக்கு இந்த பெல்ட்டுல?"

"இருநூத்தி அம்பது."

"ஒண்ணொண்ணாப் பாத்துரு. நான் இருக்கும்போதே."

பெட்டியக் கவுத்தேன். பெல்ட்டு தரையில பெரிய பாம்பாட்டம் சரிஞ்சு விழுந்துச்சு. கடைசி முழத்துல ஆரம்பிச்சேன். ஓட்டை இல்லாத பதினொண்ணயும் உருவி மேசை மேல நிக்க வெச்சேன். அப்புறம் ஒவ்வொண்ணா கட்டைவிரல வெச்சுத் திருப்பி, "இருக்கு"ன்னு சத்தமாச் சொல்லிட்டு அடுத்தது. இருக்கு. இருக்கு. கட்டைவிரல்ல பச்சையா பித்தளைக் கறை ஏறிருச்சு. மிஸஸ் பாயில் கோட்டோடயே ஒரு நாற்காலி நுனியில உக்காந்து, தாளத் திருப்பி, பின்பக்கம் கோடு போட ஆரம்பிச்சாங்க, அஞ்சஞ்சா. வெளியில வெளிச்சம் மங்கிட்டு வந்துச்சு. அவங்க போன் ரெண்டு தடவ அடிச்சுது. எடுக்கல.

நூத்தி நாப்பத்தி மூணாவதுல வெரல் வழுக்குச்சு. "இல்ல"ன்னேன். அதையும் உருவி மேசையில வெச்சேன். பன்னெண்டு. மிஸஸ் பாயில் எந்திரிச்சாங்க. கெளம்பிட்டாங்கன்னு நெனச்சேன். கோட்டுப் பட்டன ஒண்ணொண்ணாக் கழட்டி, கோட்ட நாற்காலி முதுகுல போட்டுட்டு, அந்த மேசைக்கும் மாடிப்படிக்கும் நடுவுல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"ம். அடுத்தது."

வெரல் ஓட்டையில எறங்குச்சு. நான் சொல்றதுக்கு முன்னால, படியிலேர்ந்து, அந்த இனிப்பெல்லாம் இல்லாத சாதாரணக் கொரல்ல மேசி கேட்டா:

"இருக்கா சித்தி?"

"இருக்கு."

பெல்ட்டு என் முட்டியத் தாண்டி அடுப்படி வாசல் வரைக்கும் நீண்டு கெடந்துச்சு. இன்னும் பாதி கிட்ட இருக்கு. கன்னு காலியா, வாசலப் பாத்துட்டே குந்திட்டிருந்துச்சு. குழாய் மேல ரோஸ் கையுறை ரெண்டும் இன்னும் ஈரமாத்தான் இருந்துச்சு.